கத்தரீனாளின் டப்பா

கம்பவுண்டர் சுவக்கீனுக்கு அருவருப்பு கூடப் பிறந்தது. அடுத்தவர் வாய்வைத்த டம்ளரைத் தொட மாட்டார். மூக்கைச் சிந்திய கையால் யாராவது கும்பிட்டுவிட்டால் அன்றைக்கு மத்தியானச் சோறு அவருக்கு இறங்காது. இப்படிப்பட்ட மனுஷனைக் கொண்டுபோய், குமுளிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் உட்கார வைத்திருந்தார்கள். சீழ் வைத்த கால், அட்டை கடித்துப் புண்ணான விரல், ஈர் பிடித்த தலை, எல்லாம் அவர் மேசைக்குத்தான் வரும். கம்பம் பக்கத்திலிருந்து மலையேறி ஒன்பது வருஷமாகியும் அவருக்கு இதெல்லாம் பழகவில்லை. பழகாது என்பதை அவர் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்.

ஜெர்மன் சண்டை முடிந்து மூன்றாவது வருஷம், ஆவணி மழையில், கொக்கிப்புழுவை ஒழிக்க என்று டாக்டர் ஆறுமுகசாமி வந்து இறங்கினார். திருநெல்வேலிக்காரர். கூடவே இரண்டு பொதிமாடுகள். ஒன்றின் முதுகில் பூதக்கண்ணாடிப் பெட்டி, மற்றதன் முதுகில் மூடிபோட்ட சின்னச் சின்னத் தகர டப்பாக்கள், முந்நூறு இருக்கும். ஒவ்வொரு டப்பாவிலும் ஒருவர் பெயரை எழுதி ஒட்டி, கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில் லயம் லயமாகக் கொடுத்து, மறுநாள் காலையில் அவரவர் மலத்தை அதில் வாங்கி வர வேண்டும். டாக்டர் கண்ணாடியில் பார்ப்பார். யார் டப்பாவில் புழுவின் முட்டை இருக்கிறதோ அவருக்கு மட்டும் மருந்து. டப்பாவை வாங்கி வருவது கம்பவுண்டர் வேலை.

முதல் நாள் காலை சுவக்கீன் மூக்கில் கற்பூரத்தை அடைத்துக்கொண்டு லயத்துக்குப் போனார். மூடி சரியாக மூடாத டப்பா, வெளியெல்லாம் அப்பிய டப்பா, ஈ மொய்க்கிற டப்பா. ஒரு கிழவர் டப்பா பத்தாது என்று வாழையிலையில் வைத்துக் கட்டிக் கொடுத்தார். வழியில் இரண்டு இடத்தில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, சவுக்கு மரத்தைப் பிடித்துக்கொண்டு சுவக்கீன் வாந்தி எடுத்தார்.

ஆனால் சாயங்காலம் வேறு மாதிரி இருந்தது. டாக்டர் ஆறுமுகசாமிக்கு ஒரு பைத்தியம் உண்டு. புழு பூச்சிகளின் சாஸ்திரப் பெயரை யாராவது தப்பாக உச்சரித்தால் அவருக்குப் பொறுக்காது. நாலரை மணிக்கு டீ குடித்துவிட்டு ஆஸ்பத்திரி பெஞ்சில் சாய்ந்துகொண்டு கம்பவுண்டருக்குப் பாடம் நடத்துவார்.

"மூக்காலே சொல்லும்வே. ஆங்க். அதுக்குப் பொறவு கி. லாஸ்லே அழுத்தணும். ஆங்கிலாஸ்டமா."

"ஆங்கிலாஸ்டமா."

"அடடே! பட்டணத்து மாணாக்கனுக்கு இது வர ஒரு வருஷமாகும். எங்கே படிச்சீர்?"

சுவக்கீன் எங்கும் படிக்கவில்லை. சின்ன வயசில் கோயில் பீடத்தில் பூசைக்கு உதவி செய்து, சாமியார் சொல்லும் லத்தீனுக்கு லத்தீனிலேயே பதில் சொல்லிப் பழகிய நாக்கு அது. பூசை வைக்கிற பாஷையில் புழுவுக்குப் பேர் வைத்திருக்கிறார்களே என்று முதலில் அவருக்கு மனம் கசந்தது. இரண்டாம் நாளே அந்தக் கசப்பு போய்விட்டது. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கோடு போட்டு, இந்தப் பக்கம் சொல், நடுவில் உச்சரிப்பு, அந்தப் பக்கம் அர்த்தம் என்று முத்து முத்தாக எழுத ஆரம்பித்தார்.

ஆங்கிலாஸ்டமா என்றால் கொக்கி வாய். அதிலேயே இன்னொரு சாதிக்கு நெக்கேட்டர் என்று பேர், அதாவது கொலைகாரன். மழைக்காலத்தில் தேயிலைச் செடிக்கடியிலிருந்து தாவி ஏறுகிற அட்டைக்கு ஹீமடிப்ஸா, இரத்த தாகம். டிரிக்யூரிஸ் என்றால் மயிர்வால். அதைச் சொல்லும்போது மட்டும் டாக்டர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"பேர் வச்ச மனுஷன் தலையை வாலுன்னு நெனைச்சுட்டான்வே. மயிரு கணக்கா மெலிஞ்சிருக்கது அதுக்க தலைப்பக்கம். பின்னாலே வந்தவன் மயிர்த்தலைன்னு மாத்திப் பார்த்தான், நடக்கல்லே. ஒருக்கா வச்ச பேரு வச்சதுதான்."

சுவக்கீனுக்கு இந்தச் சாயங்காலங்கள் அமிர்தமாக இருந்தன. காலையில் எதைத் தூக்கிக்கொண்டு வரும்போது குடல் வாய்க்கு வந்ததோ, அதையே சாயங்காலம் லத்தீனிலும் கிரேக்கத்திலும் சொன்னால் வாய் மணத்தது. சொல்லுக்கு நாற்றமில்லை, ஈ மொய்ப்பதில்லை, கையைக் கழுவ வேண்டியதில்லை. உலகத்து அசிங்கத்தையெல்லாம் இப்படி நோட்டில் ஏற்றி மூடிவைத்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவர் நினைத்தார். இந்த நினைப்புத்தான் ஆளைக் கெடுத்தது.

மூன்றாம் நாள் டாக்டர் ஒரு புதுச் சொல் சொன்னார். ஜியோஃபேஜியா. சுவக்கீன் ஒரே முயற்சியில் அழுத்தம் பிசகாமல் திருப்பிச் சொன்னார்.

"மண் தின்னல்னு அர்த்தம்" என்றார் டாக்டர். "வெறுங்கால் வழியா ஏறுத கொக்கிப்புழு குடல்லே தொங்கிக்கிட்டு ரத்தத்தைக் குடிக்கக் குடிக்க ஒடம்பு வெளுத்துப்போவும். அப்போ மண்ணு மேலே ஒரு ஆசை வரும், பார்த்துக்கிடும். அதுக்கப்புறம் மூச்சு வாங்கும், பாதம் வீங்கும். அத்தோட விட்டா நெஞ்சு நின்னுபோவும். மண்ணு திங்க ஒருத்தரைக் கண்டா, டப்பா கூட வேண்டாம், புழுன்னு அடிச்சுச் சொல்லலாம்."

சுவக்கீனின் பேனா நின்றுவிட்டது. பிறகு 'மண் தின்னல்' என்று எழுதி, கீழே கோடு போட்டு, "அடுத்தது என்னங்க?" என்றார்.

வீட்டில் அவர் மனைவி கத்தரீனாள் மண் தின்றுகொண்டிருந்தாள்.

இரண்டு மாசமாக நடக்கிற கூத்து அது. அடுப்பு மேட்டின் ஓரத்தை நகத்தால் கிள்ளி வாயில் போடுவாள். மழை நனைத்த சுவரை மோந்து பார்த்துக்கொண்டே நிற்பாள். முதல்தடவை கையும் களவுமாகப் பிடித்தபோது அவள் உதட்டில் செம்மண் ஈரமாக ஒட்டியிருந்தது. சுவக்கீனுக்கு வந்த அருவருப்பு கொஞ்சநஞ்சமல்ல.

"சீ! மனுஷ சென்மமா நீ?"

"வாய் கேக்குதுங்க. அடக்கித்தான் பாக்கேன், முடிய மாட்டேங்குது. நான் என்ன செய்யட்டும்?"

அன்றிலிருந்து அவளுக்குத் தனி டம்ளர், தனித் தட்டு. அவள் வெளுத்துப்போனதை அவர் பார்த்தார். குடத்தை இடுப்பில் வைத்து நாலு எட்டு வைப்பதற்குள் அவளுக்கு மூச்சு இரைப்பதையும் பார்த்தார். பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் அவர் வாசல்படியே இறங்குவார். அவளோ தோட்டத்துப் பெண்கள் எல்லாரையும் போல ஓடைக்கரைக்கு வெறுங்காலோடு போய் வருகிறவள். இவ்வளவு நாளும் தெரியாது என்றால் மன்னிக்கலாம். இப்போது காரணம் தெரிந்துவிட்டது. அதற்கு அழகான பெயரும் தெரிந்துவிட்டது. வீட்டுக்குப் போய் அவர் அதைப்பற்றி மூச்சுவிடவில்லை.

ஐந்தாம் நாள் மூன்றாம் லயத்துக் கூடையைப் பிரித்தபோது சுவக்கீனுக்கே சந்தேகம் தட்டியது. பாதிக் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறவர்தான். அப்படியும் இருபத்து மூன்று டப்பாவிலும் ஒன்றுபோலக் கொய்யா விதை கிடந்தது கண்ணில் பட்டுவிட்டது. லயத்துக்கு ஓடினார். அங்கே யாருக்கும் பயப்படாத பெரியம்மாள் கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"யாரோடது இது? உண்மையைச் சொல்லிப்புடு."

"சோலையோடது" என்றாள் பெரியம்மாள், சாதாரணமாக.

"இருபத்து மூணுமா?"

"பெறகு? நகம், முடி, இது, இந்த மூணும் அடுத்தவன் கைக்குப் போச்சுன்னா செய்வினை வச்சுப்புடுவானுக, கம்பவுண்டரய்யா. சோலை இடுப்புல தாயத்துக் கட்டியிருக்கான். அவனை ஒண்ணும் அண்டாது. அதான் எல்லாருக்கும் அவனையே குடுக்கச் சொன்னோம். பாவம், ரெண்டு நாளா ஓயாம கொய்யாப்பழமாத் தின்னுக்கிட்டு ஒக்காந்திருக்கான்."

காவல்காரன் சோலை தூரத்தில் ஒரு மரத்தடியில் களைத்துப்போய் நின்றான். சுவக்கீனுக்கு நாக்கிலே சனி. "காட்டு சென்மங்களா! அடுத்தவன் டப்பாவைப் பாத்து ஒங்களுக்கு எப்படிடி மருந்து குடுப்பாக? செத்தா யாரு பதில் சொல்றது?" என்று லயம் அதிரக் கத்தினார். அத்தனை டப்பாவும் திரும்பக் கொடுக்கப்பட்டது. இந்தத் தடவை ஒவ்வொருவராகத் தனித்தனியே அனுப்பி வாங்கினார்.

டாக்டருக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. அன்று சாயங்காலம் அவர் பாடம் எடுக்கவில்லை.

"ஓய் சுவக்கீன், ஒரு வேலை இருக்கு. பீருமேடு முழுக்க, தோட்டம் தோட்டமாப் போய் மாஜிக் லாந்தர் போட்டுப் படம் காட்டிப் பேசணும். டப்பா தூக்க வேண்டாம், பேச்சு மாத்திரம். உமக்கு உச்சரிப்பு இருக்கு, நேர்மையும் இருக்கு. நான் எழுதினா ஆயிடும்."

டப்பா தூக்க வேண்டாம். சுவக்கீனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆனா ஒண்ணு" என்றார் டாக்டர். "ஜனங்க முதல்லே கேக்கது, உம்ம வீட்டிலே புழு உண்டாங்கிறதுதான். வீடு சுத்தமா இருக்கவனாத்தான் பார்த்து அனுப்பணும்னு மேலே உத்தரவு. நாளைக்கு உம்ம வீட்டு ரெண்டு டப்பாவையும் கொண்டு வாரும்."

இரண்டு டப்பாவோடு வீட்டுக்கு வந்தார். கத்தரீனாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். நின்று காய்ச்ச அவளுக்குத் தெம்பில்லை. ஒரு வார்த்தை கேட்டால் போதும், டப்பாவை வாங்கிக்கொண்டு போயிருப்பாள். கேட்க அவருக்கு வாய் வரவில்லை. கட்டின பெண்டாட்டியிடம் போய் இதைக் கேட்பதா என்கிற கூச்சம் பாதி. கேட்டால் என்ன வரும் என்று தெரிந்த பயம் மீதி. மருந்துப்பெட்டிச் சாவி டாக்டர் இடுப்பிலே இருந்ததால் திருட்டுத்தனமாக எடுத்துக் கொடுக்கவும் வழியில்லை. லாந்தர் வேலையில் சேர்ந்துவிட்டால் எப்படியாவது மருந்தை வரவழைத்துக் கொடுத்துவிடலாம், இன்னும் ரெண்டு மாசம்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். விடிந்ததும் பூட்ஸை மாட்டிக்கொண்டு புதர்ப்பக்கம் போய் இரண்டு டப்பாவையும் அவரே நிரப்பினார். ஒன்றின் மேல் சுவக்கீன் என்று எழுதியிருந்தது. மற்றதன் மேல் கத்தரீனாள் என்று எழுதியிருந்தது.

சோலையாவது நாலு பேர் கேட்டுக்கொண்டார்களே என்று செய்தான். அவனுக்குப் படிப்பு கிடையாது. இந்த மனுஷன் கிரேக்கமும் லத்தீனும் தெரிந்துகொண்டு செய்தார்.

தோட்டத்தில் இருநூற்று எண்பத்தாறு பேர். இருநூற்று அறுபத்தொரு பேருக்குப் புழு இருந்தது. கம்பவுண்டர் வீட்டு இரண்டு டப்பாவும் சுத்தம். டாக்டர் எழுந்து வந்து சுவக்கீனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "திங்கக்கிழமை என் கூடவே கிளம்பிரும்" என்று சொல்லி, மேலதிகாரிக்கு எழுதிய கடுதாசியைக் கையெழுத்துப் போட்டு மேசைமேல் வைத்தார்.

அந்த வாரம் கத்தரீனாளுக்குப் பாதம் வீங்கிவிட்டது. கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு, விரலால் அமுக்கினால் குழி விழுவதை அவளே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். சுவக்கீன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பெட்டியில் சட்டைகளை அடுக்கினார். அமுக்கிய இடம் மேலெழும்ப எவ்வளவு நேரமாகிறது என்று அவருக்குப் பார்க்கத் தேவையில்லை. அவருக்குத் தெரியும்.

சனிக்கிழமை மருந்து கொடுத்தார்கள். ஓம உப்பு மருந்து அது. முதல் நாள் பேதி உப்பு, மறுநாள் விடியற்காலை அந்த வெள்ளை உப்பு, மறுபடி பேதி உப்பு. லயத்துச் சனமெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் வரிசையாக நின்றது. சுவக்கீன் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு பெயரைப் படித்தார், டாக்டர் பொட்டலம் கொடுத்தார். பத்து மணி இருக்கும். வரிசையில் ஒரு சலசலப்பு. பெரியம்மாள் ஒருத்தியைத் தோளில் கைபோட்டுத் தாங்கிக் கூட்டிவந்தாள். கத்தரீனாள்.

வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி நூறு எட்டுத்தான். அதற்குள் மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்து வந்திருந்தாள். மூச்சு விசில் மாதிரி கேட்டது.

"இந்தப் பிள்ளைக்கும் ஒரு பொட்டலம் குடுங்க சாமி" என்றாள் பெரியம்மாள். "நேத்துத் தண்ணிக்குப் போன எடத்துல மயங்கி விழுந்திருச்சு."

டாக்டர் அவள் இமையை இழுத்துப் பார்த்தார். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. அவருக்கு நெற்றி சுருங்கியது. பட்டியலைப் புரட்டினார்.

"உன் பேரு என்னம்மா?"

"கத்தரீனாள்."

"கம்பவுண்டர் சம்சாரமா! உனக்குப் புழு இல்லையேம்மா. உன் டப்பாவை நானே பார்த்தேன். சுத்தமா இருந்துது."

கத்தரீனாளுக்கு விளங்கவில்லை. டாக்டரைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"நான் டப்பாவே குடுக்கலையே ஐயா" என்றாள். "எங்கிட்ட யாரும் கேக்கவே இல்லையே."

மூன்றாம் லயத்துப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சுவக்கீனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"யாரோடதுவே அது?" என்று கேட்டார் டாக்டர்.

"என்னுதுங்க."

"உம்ம சம்சாரம் மண்ணு தின்னாளா?"

சுவக்கீன் ஆமென்று தலையை ஆட்டினார். டாக்டர் ஸ்பிரிட் புட்டியைத் திறந்து பஞ்சில் நனைத்து, தம் வலது கையை உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு என்று ஒரு இடம் விடாமல் துடைத்துக்கொண்டார். பத்து நாளாக இருநூற்று எண்பது பேர் மலத்தைக் குச்சியால் கிளறியும் முகம் சுளிக்காத மனுஷன். மேசைமேல் இருந்த கடுதாசியை எடுத்து நாலாகக் கிழித்தார்.

"இன்னைக்கு இந்தம்மாவுக்குப் பேதி உப்பு. நாளைக்கு மருந்து நான் நின்னு கொடுப்பேன். வெளியே போறதை மல்லுத் துணியிலே ஊத்தி அலசி, எத்தனை புழு இருக்குன்னு எண்ணிச் சொல்லணும். நீர்தான் அலசணும். கற்பூரம் கிற்பூரம் ஒண்ணும் கிடையாது."

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால், மழைத்தண்ணீர்த் தொட்டியண்டை, சுவக்கீன் குந்தி உட்கார்ந்து சட்டிசட்டியாக அலசினார். நாற்றம் மூக்கைத் தாண்டி நாக்கில் உட்கார்ந்தது. மூன்று தடவை வாந்தி எடுத்தார். நாலாவது தடவைக்கு வயிற்றில் ஒன்றுமில்லை. துணியில் தண்ணீர் வடிந்தபோது புழுக்கள் தெரிந்தன. ஒரு விரற்கட்டை நீளங்கூட இல்லை. அறுத்துப்போட்ட நூல் துண்டுகள் மாதிரி இருந்தன, தலை மட்டும் பின்பக்கமாக வளைந்திருந்தது. சிலவற்றின் வயிற்றுக்குள் இன்னும் அவள் ரத்தம் சிவப்பாக நின்றது. குச்சியால் தள்ளி எண்ணப் பார்த்தார், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் விரலாலேயே ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தார். நூறு வரைக்கும் அருவருப்பாக இருந்தது. அதற்குமேல் பயமாக இருந்தது.

பொழுது சாயுமுன் டாக்டர் வந்து கத்தரீனாளின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். பிழைத்துக்கொள்வாள், இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் சொல்ல முடியாது என்றார். சுவக்கீன் கையை ஏழெட்டுத் தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, வீட்டுக்குள் போய்க் கட்டிலருகே உட்கார்ந்தார். அவள் கண்ணைத் திறந்தாள்.

"எத்தனை இருந்துச்சு?"

"நானூத்திப் பதினேழு."

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள் போலிருக்கிறது. உதடு அசைந்தது.

"எனக்குள்ள இது கெடக்குன்னு ஒங்களுக்கு முந்தியே தெரியுமா?"

இல்லை என்று சொல்ல ஒரு விநாடி கிடைத்தது. வாய் வரைக்கும் வந்தது. சொல்ல முடியவில்லை.

"தெரியும்."

"எம்புட்டு நாளா?"

"பத்து நாளாச்சு."

கத்தரீனாள் அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை, அழவும் இல்லை. அவள் மூக்கும் மேலுதடும் மெல்லச் சுருங்கின. வீங்கிய பாதத்தைக் கஷ்டப்பட்டு இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் தள்ளிப் போய் ஒக்காருங்க" என்றாள். "ஒங்களைப் பாத்தா எனக்குக் கொமட்டுது."

சுவக்கீன் எழுந்து, கதவை ஒட்டித் தரையில் போய் உட்கார்ந்தார்.